அப்பாவை மலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அம்மாபேட்டை வீட்டுக் கதவைத் திறந்து வைங்க

தம்பி, நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒருதடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அப்பாவுக்கு 72 வயசு, சேலம் அம்மாபேட்டையில காலம்பூரா தறி வேலை, ஒன்றரை வருசம் முன்னாடி அல்சைமர்ங்கற மறதி நோய்னு நரம்பு டாக்டர் சொல்லி மாத்திரை ஓடுது. அம்மாவுக்கு 64, அவங்கதான் ராத்திரி பகல் ரெண்டும். நீங்க ஓசூர்ல கம்பெனி வேலை, மாசம் ரெண்டு தடவை வர்றீங்க. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சித்தப்பா வீடு சும்மா கிடக்கு, குளுகுளுன்னு அமைதியா இருக்கும், ரெண்டு பேரையும் அங்க கொண்டுபோய் வச்சா அப்பாவுக்கு குணம் தெரியுமா, இல்லேன்னா சேலத்துலயே ஒரு நல்ல ஹோம் இருக்கா, இதுதான் கேள்வி. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கறோம் அதனால தெருவுல யாருக்கும் சொல்லல, அம்மா வெளிய பூட்டிட்டுதான் கடைக்குப் போறாங்கன்னு. எனக்கென்னமோ அந்தக் கடைசி வரிதான் உங்க நிஜமான கேள்வின்னு படுது. எங்கம்மா இதை தனியா எத்தனை நாளைக்குத் தாங்குவாங்கன்னுதான் நீங்க கேக்கறீங்க.

நான் டாக்டர் இல்லைங்க. மனநல சமூகப் பணியாளர், சேலத்துலயும் மலை மேலயும் சேத்து 21 வருசமா வீடு வீடா போயிட்டிருக்கேன், அதுல மறதி நோய் வீடுகள்தான் அதிகம். மாத்திரை பேர், அளவு, எதை நிறுத்தலாம் எதை சேக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்க டாக்டர் வேலை. வீட்டுக்குள்ள என்ன நடக்கும், தெரு எப்படி உதவும், எங்க உதவாது, அதுதான் எனக்குத் தெரிஞ்சது.

முதல்ல ஏற்காடு. வேண்டாம்னுதான் சொல்வேன், அதுவும் இப்ப வேண்டவே வேண்டாம். இந்த நோய்ல புதுசா ஒண்ணை மனசுல பதிய வைக்கற சக்திதான் முதல்ல போகும், பழசு ரொம்ப நாள் நிக்கும். உங்கப்பா இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பாத்ரூம் போறார்னா அவர் யோசிச்சுப் போகல, 40 வருசமா அந்த வீட்டுல நடந்த காலு கூட்டிட்டுப் போகுது. அதே ஆளை நாகலூர் வீட்டுல படுக்க வச்சா அன்னிக்கு ராத்திரியே சுவத்தைத் தடவிட்டு நிப்பார், ஏன் என்னை அடைச்சு வச்சிருக்கீங்க எங்க வீட்டுக்குப் போகணும்னு சத்தம் போடுவார். வெளிய சரிவு, பனி, சாயங்காலமானா காட்டெருமை நடமாட்டம் வேற. உடம்புக்கு திடீர்னு முடியலன்னா கோரிமேடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். இத்தனைக்கும் மேல உங்கம்மாவுக்கு அங்க பேச ஒரு ஆள் கிடையாது. நல்ல காத்து நல்லதுதான், ஆனா மூளைக்குள்ள நடக்கற இந்த தேய்மானத்தை குளிர்ச்சி நிறுத்தும்னு எந்த ஆதாரமும் இல்ல.

மலையிலயே பொறந்து வளந்தவங்களுக்கு வேற கதை. சில வருசம் முன்னாடி ஒரு பாட்டி, எஸ்டேட்டுல காப்பி பழம் பறிச்சே காலத்தை ஓட்டினவங்க, மறதி முத்திப்போன பிறகும் விடியக்காலையில சாக்கை இடுப்புல கட்டிக்கிட்டு கிளம்பிடுவாங்க. அவங்க மகள் தடுக்கறதை விட்டுட்டா. லைன் வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குக் கூட தெரியும், பாட்டி ரோட்டுப் பக்கம் வந்தா யாராவது ஒருத்தர் "ஆயா, இன்னிக்கு வேலை இல்லை, மழை"ம்பாங்க, அவங்களும் சரின்னு திரும்பிடுவாங்க. நான் போனப்ப வாசல்ல உக்காந்து மிளகு ஆஞ்சுட்டிருந்தாங்க, காம்பு ஒரு பக்கம் மணி ஒரு பக்கம், விரல் அவ்வளவு வேகம், ஆனா எதிர்ல நின்ன மகள் பேர் தெரியல. அந்தப் பாட்டிக்கு மலை நல்லது பண்ணுச்சு, ஏன்னா அந்த ஊருக்கு அவங்களை 50 வருசமா தெரியும். உங்கப்பாவுக்கு அந்த மாதிரி ஊர் அம்மாபேட்டைதான். அந்த ஊர்கிட்டதான் நீங்க மறைச்சு வச்சிருக்கீங்க.

தங்கச்சி கல்யாணம் பத்தி நீங்க பயப்படறது எனக்குப் புரியுது, இது உங்க வீட்டுல மட்டும் இல்ல, நான் பாக்கற பாதி வீட்டுல இதே பேச்சுதான். அதனால இதைத் தெளிவா சொல்லிடறேன். அறுபத்தஞ்சு எழுபது தாண்டி வர்ற அல்சைமர் பெரும்பாலும் நேரா அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்கற வியாதி இல்ல. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வாய்ப்பு மத்தவங்களை விட கொஞ்சம் கூடுதல், அதை மறைக்கல, ஆனா வந்தே தீரும்னு எதுவும் கிடையாது. நாப்பது அம்பது வயசுலயே ஆரம்பிச்சு தலைமுறை தலைமுறையா வர்ற வகை ஒண்ணு இருக்கு, அது ரொம்ப அபூர்வம், நீங்க சொல்றது அந்த வகை மாதிரி தெரியல, அம்பது வயசுக்காரங்க யாருக்காவது வீட்டுல வந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட குழு கொடுத்த அறிக்கையில, தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியற காரணங்கள் 14 இருக்கு, உலகத்துல வர்ற டிமென்ஷியாவுல, அதாவது அல்சைமரையும் சேத்த மறதி நோய்கள்ல, 45 சதவீதம் வரைக்கும் அதோட சம்பந்தப்பட்டதுன்னு சொல்லியிருக்காங்க, பிபி, சுகர், காது கேக்காம போறது, கண் பார்வை, புகை, தனிமை எல்லாம் அதுல வருது. உங்க தங்கச்சிக்கும் உங்களுக்கும் வேண்டியது அந்தப் பட்டியல்தான், பயம் இல்ல. இந்தியாவுல அறுபது தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு இருக்குன்னு 2023ல வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கு போட்டிருக்கு. மாப்பிள்ளை வீட்டுத் தெருவுலயும் ஒரு வீடு இருக்கும் தம்பி, அவங்களும் பூட்டிட்டுதான் கடைக்குப் போயிட்டிருப்பாங்க.

பேர்லயே பாதி பிரச்சனை இருக்கு. நம்ம பக்கம் புத்தி பேதலிச்சுடுச்சு, வயசாகிடுச்சு அப்படித்தான், செஞ்ச பாவம், இப்படி மூணு பேச்சுதான். ஜப்பான்லயும் இதுக்கு முன்னாடி இழிவா ஒரு சொல் இருந்துச்சு, 2004ல அரசாங்கமே அந்தப் பேரை மாத்துச்சு, அடுத்த வருசமே கடைக்காரர், பேங்க் ஆளு, பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னு சாதாரண ஜனங்களுக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு எடுத்து கையில ஆரஞ்சு கலர் வளையம் கொடுக்க ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஒரு கோடிக்கு மேல ஜனங்க அந்த வகுப்புல உக்காந்துட்டாங்க. ஒன்றரை மணி நேரம்தான், அதுல யாரும் நர்ஸ் ஆயிட முடியாது. ரோட்டுல குழம்பி நிக்கற பெரியவரைப் பாத்தா குடிகாரன்னு நினைக்காம பக்கத்துல போய் மெதுவா பேசணும்னு தெரிஞ்சா போதும்.

அதை உங்க தெருவுல செய்யறதுக்கு அரசாங்கம் வரணும்னு இல்ல. அஞ்சு பேர் போதும். பக்கத்து வீடு, எதிர்வீடு, மளிகைக்கடை, தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட். அம்மாவோட நீங்களும் கூடப் போய் நின்னு சொல்லுங்க, ஏன்னா மகன் வந்து சொன்னா அதுக்கு ஒரு கனம் இருக்கு. பெரிய விளக்கம் வேண்டாம், இப்படிச் சொல்லுங்க: "அப்பாவுக்கு மறதி நோய்ங்க, டாக்டர்கிட்ட பாக்கறோம். தனியா போறதைப் பாத்தீங்கன்னா எங்க போறீங்கன்னு அதட்டாதீங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. வாங்க டீ சாப்பிடலாம்னு உக்கார வச்சு இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க." நம்பரை ஒரு சீட்டுல எழுதி கல்லாப் பக்கத்துல ஒட்டிட்டு வந்துடுங்க. நான் சொல்லி இதைச் செஞ்ச வீடுகள்ல முதல்ல கேட்ட வார்த்தை பெரும்பாலும் ஒண்ணுதான், "எங்களுக்கு அப்பவே தெரியும்மா, நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்." ரெண்டொரு இடத்துல முகம் சுளிச்சதும் உண்டு, வாடகை வீட்டுல ஒரு ஓனர் காலி பண்ணச் சொன்னதும் உண்டு, எல்லாரும் நல்லவங்கன்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்.

இன்னொண்ணு, செவ்வாப்பேட்டையில ஒரு வெள்ளிப் பட்டறையில சொல்லி ஒரு காப்பு செஞ்சு, உள்பக்கம் உங்க நம்பரையும் அம்மா நம்பரையும் வெட்டி வாங்கிடுங்க. சட்டைப் பையில வைக்கற சீட்டு துவைக்கறப்ப போயிடும், கழுத்துல அட்டை மாட்டினா பிடுங்கி எறிவாங்க, வெள்ளிக் காப்பை நம்ம ஊர் ஆம்பளைங்க கௌரவமா போட்டுக்குவாங்க. ஆடி மாசம் வர்றதுக்குள்ள செஞ்சுடுங்க. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கைன்னு ஊரே ரோட்டுல இருக்கற அந்த நாள்ல மேளமும் வெடியும் கூட்டமும் இவங்களை ரொம்ப மிரட்டிடும், தொலைஞ்சு போறதும் அப்பத்தான். அந்த ஒரு வாரம் அப்பாவை உள் ரூம்ல வச்சு, யாராவது ஒருத்தர் கூடவே இருக்கற மாதிரி முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

இப்ப அம்மா விசயம், எனக்கு முக்கியமே இதுதான். சொந்தக்காரங்க வருவாங்க, ஒரு மணி நேரம் உக்காருவாங்க, அப்பாவும் அந்த ஒரு மணி நேரம் நல்லாவே பேசுவார், போறப்ப "அண்ணன் நல்லாத்தானே இருக்கார், அண்ணிதான் பெருசு பண்ணுது"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. புது ஆளுங்க முன்னாடி கொஞ்ச நேரம் சமாளிக்கறது இந்த நோய்ல சகஜம், அந்தப் பேச்சு அம்மாவை எவ்வளவு குத்தும்னு சொல்லி முடியாது. தெருவுல யாராவது "எதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க"ன்னு சொன்னா அம்மா சரிங்கன்னு தலையாட்டிட்டு கூப்பிடவே மாட்டாங்க, நம்ம பொம்பளைங்க அப்படித்தான் வளத்துவிடப்பட்டிருக்காங்க. அதனால நீங்க உடனே பதில் சொல்லுங்க, "ஆமாங்க, வியாழக்கிழமை நாலுல இருந்து ஆறு வரைக்கும் அப்பாகூட உக்காந்திருக்க முடியுமா"ன்னு, நாளும் மணியும் வச்சு. பொதுவா கேட்டா யாரும் வரமாட்டாங்க, இந்த நாள் இந்த மணின்னா வருவாங்க. வாரத்துக்கு ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு மணி நேரம் கிடைச்சாலே அம்மா தன்னோட பிபி சுகரை பாத்துட்டு வரலாம், கோயிலுக்குப் போகலாம், இல்ல சும்மா படுத்துத் தூங்கலாம். அம்மா மகளிர் குழுவுல இருக்காங்களா? இருந்தா அங்கேயே ஆரம்பிக்கலாம், மாசாமாசம் கூடி வரவு செலவு பாத்துப் பழகின பொம்பளைங்களுக்கு முறை வச்சு வர்றதெல்லாம் புதுசு இல்ல.

வீட்டுல நோயாளியைப் பாத்துக்கறவங்களுக்குன்னு நாங்க ஒரு கூட்டம் நடத்தறோம், மாசம் ஒரு சனிக்கிழமை மூணு மணிக்கு. முதல் கூட்டத்துக்கு மூணே பேர். அப்புறம்தான் உறைச்சுது, வீட்டுல ஆளை விட்டுட்டு எப்படி வருவாங்கன்னு. அடுத்த மாசத்துல இருந்து அவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லி பக்கத்து ரூம்ல பாய் விரிச்சு, துவரையும் மொச்சையும் கலந்து வச்சு பிரிக்கச் சொல்றது, பூ கட்டச் சொல்றது, பழைய பாட்டு போடறது. மாடர்ன் தியேட்டர்ஸ்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஏற்காடு ரோட்டுல அந்தப் பழைய சினிமா ஸ்டூடியோவோட நுழைவு வளைவை இப்பவும் பாக்கறவங்கதானே, சாப்பிட்டதை மறந்த ஆளு அந்தக் காலத்துல ஷூட்டிங் பாக்க மதில் ஏறினதைச் சொல்வார். இந்தப் பக்கம் வீட்டுக்காரங்க பேசுவாங்க. ஒரு கூட்டத்துல அரை மணி நேரம் எல்லாரும் நல்லா இருக்கோம்னே சொல்லிட்டிருந்தாங்க, அப்புறம் ஒரு அம்மா, கொண்டலாம்பட்டி பக்கத்துல இருந்து வர்றவங்க, முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே தரையைப் பாத்து சொன்னாங்க, "போன வாரம் அவரை அடிச்சுட்டேன், சோத்தை துப்பினார், கன்னத்துல அடிச்சுட்டேன், அடிச்ச பிறகு அவர் என்னைப் பாத்து 'அம்மா'ன்னார்"னு. யாரும் எதுவும் சொல்லல. பக்கத்துல இருந்த இன்னொருத்தங்க அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு "நான் ரெண்டு தடவை"ன்னாங்க. அன்னிக்குத்தான் அந்தக் கூட்டம் நிஜமா ஆரம்பிச்சுதுன்னு நான் நினைக்கறேன். அந்த அம்மா அதுக்கப்புறம் ஒரு மாசம் கூட வராம இருந்ததில்ல. உங்கம்மாவுக்கும் சொல்ல முடியாத ஒண்ணு இருக்கும் தம்பி, உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, பெத்த பிள்ளைகிட்ட சொல்ற விசயம் இல்ல அது.

இதெல்லாம் வெறும் ஆறுதல்தானா இல்ல நிஜமாவே பலன் இருக்கான்னு நீங்க கேக்கலாம். பாத்துக்கறவங்களுக்கு பலன் இருக்குங்கறது உறுதி. நியூயார்க்ல 406 குடும்பங்களை வச்சு பல வருசம் நடத்தின ஆய்வு ஒண்ணு 2006ல வந்துச்சு, கணவனையோ மனைவியையோ பாத்துக்கறவங்களுக்கு தனியா ரெண்டு தடவை, குடும்பத்தோட நாலு தடவை ஆலோசனை, அப்புறம் குழு, வேணுங்கறப்ப போன். அது கிடைச்ச குடும்பங்கள் நோயாளியை ஹோம்ல சேக்கறது சராசரியா 557 நாள் தள்ளிப்போச்சு. ஒன்றரை வருசம், புது மாத்திரை எதுவும் இல்லாம. ஆனா அது அமெரிக்கா. நம்ம நாட்டுல கோவாவுல 81 குடும்பங்கள்ல செஞ்சு 2008ல வெளியிட்டாங்க, உள்ளூர் ஆளுங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, ஆறு மாசம் பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு அனுப்பினாங்க, பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல, மேல ஒரு டாக்டரும் ஆலோசகரும் கண்காணிச்சாங்க. பாத்துக்கறவங்க மனநிலை நல்லாவே தேறுச்சு, நோயாளி படுத்தற பாட்டால வர்ற வேதனையும் குறைஞ்சுது. நோயாளியோட செயல்திறன் கூடினதா மட்டும் நிரூபிக்க முடியல. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, தெருவும் குழுவும் சேந்தா அப்பா ஞாபகம் திரும்பாது, அம்மா உடையாம இருப்பாங்க. சந்தேகத்துல இருக்கற சமாச்சாரம்னு பாத்தா, ஞாபகத்துக்கான விளையாட்டு, குழுவா உக்காந்து பழசு பேசறது இதுல எல்லாம் சின்ன பலன் இருக்கறதா சில ஆய்வு சொல்லுது, எவ்வளவு நாள் நிக்கும்கறது தெளிவில்ல. வல்லாரை, தேங்காண்ணெய் இதெல்லாம் இந்த நோயை நிறுத்தும்கறதுக்கு நம்பற மாதிரி ஆதாரம் இல்ல, வல்லாரைத் துவையல் ருசிக்கு தாராளமா சாப்பிடட்டும், அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க.

அரசாங்கத்துப் பக்கம் என்ன கிடைக்கும்னா, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சது, வீட்டுக்கே வந்து பிபி சுகர் மாத்திரை கொடுக்கறது, பிசியோதெரபி, படுக்கையில இருக்கறவங்களுக்கு நோய்த்தணிப்பு நர்ஸ், இதெல்லாம் அதுல இருக்கு. மறதி நோய்க்குன்னு தனி ஏற்பாடா அதை நினைக்காதீங்க, ஆனா மாத்திரை கொண்டுவர்ற அந்தம்மாகிட்ட அப்பா விசயத்தைச் சொல்லி அம்மாவுக்கும் பிபி பாக்கச் சொல்லுங்க, உங்க வீட்டுக்குள்ள முறையா நுழையற முதல் ஆள் அவங்களா இருக்கலாம். சேலம் பெரியாஸ்பத்திரியில, அதான் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவும் இருக்கு, மாவட்ட மனநலத் திட்டத்து ஆளுங்க எந்த நாள் எந்த ஊர் வர்றாங்கன்னு அங்க கேட்டா சொல்வாங்க. ராத்திரி அம்மாவுக்கு மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567, பகல் நேரத்துல. சென்னையில ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்குன்னே ஒரு மையம் நடத்துது, 1992ல கேரளாவுல ஆரம்பிச்ச ஏஆர்டிஎஸ்ஐங்கற அல்சைமர் சங்கத்துக்கு சென்னையிலயும் கிளை இருக்கு, ரெண்டு இடத்துலயும் பாத்துக்கற குடும்பங்களுக்கு வழி சொல்வாங்க. கேரளாவுல புற்றுநோய்க்காரங்களையும் படுக்கையில இருக்கறவங்களையும் பாத்துக்க பக்கத்து வீட்டு ஜனங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு போற ஏற்பாடு மலப்புரம் பக்கம் இருபது வருசத்துக்கு மேல ஓடுது, நம்ம ஊர்லயும் அது முடியாத காரியம் இல்லன்னு நான் நம்பறேன்.

சாயங்காலம் நாலு மணியானா அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கறார், தறிக்குப் போகணும்கறார்னு எழுதியிருந்தீங்க. பொழுது சாயற நேரத்துல இந்தப் பதட்டம் நிறைய பேருக்கு வரும். தறியை வித்து பத்து வருசமாச்சுன்னு அம்மா சொல்லச் சொல்ல அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புது இழப்பு. எதிர்த்துப் பேசாதீங்க. "முதலாளி இன்னிக்கு பாவு நூல் வரலைன்னுட்டார், நாளைக்குப் போலாம்"னா முடிஞ்சுது. நான் பாத்த ஒரு நெசவாளருக்கு மருமக ஒரு பை நிறைய கழிவு நூலைக் கொடுத்து சிக்கெடுக்கச் சொல்வா, மனுசன் ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்து ஒவ்வொரு இழையா நாக்குல தொட்டு ஈரம் பண்ணி முறுக்கி பிணைப்பார், ஒன்றரை மணி நேரம் போறதே தெரியாது, ராத்திரி அவர் தூங்கின பிறகு அதை மறுபடி கலைச்சு பையில போட்டு வைப்பா. பழைய ராட்டையும் நூல் சுத்தற தார்க் குச்சி கொஞ்சமும் கிடைச்சா இன்னும் நல்லது. விசைத்தறியில ரொம்ப வருசம் நின்னவர்னா காதையும் ஒருதடவை பாத்துடுங்க, அந்தச் சத்தத்துல காது மந்தமானவங்க நம்ம ஊர்ல ஏராளம், காது கேக்காததை மறதி கூடிடுச்சுன்னு நினைச்ச வீடுகளை நானே பாத்திருக்கேன்.

ஒரு எச்சரிக்கை. மெதுவா இறங்கறதுதான் இந்த நோய் வழக்கம். ரெண்டே நாள்ல திடீர்னு ரொம்ப குழம்பினா, பகல்ல மயங்கிக் கிடந்தா, இல்லாத ஆளைப் பாத்துப் பேசினா நோய் முத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. மூத்திரத்துல இன்ஃபெக்சன், மலச்சிக்கல், தண்ணி குறைஞ்சது, புதுசா போட்ட மாத்திரை, கீழ விழுந்து தலையில பட்டது, இதுல ஏதோ ஒண்ணா இருக்கலாம், பெரும்பாலும் சரி பண்ணக்கூடியது. அதே மாதிரி தூங்க வைக்க மாத்திரை கொடுங்கன்னு நீங்களா கேட்டு வாங்காதீங்க. ஆவேசத்தை அடக்கற சில மாத்திரைகள் டிமென்ஷியா வந்த பெரியவங்களுக்கு பக்கவாதம், உயிர் ஆபத்தைக் கூட்டும்னு தெரிஞ்ச விசயம், 2005லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட்டிருக்கு. சில நேரம் வேற வழி இல்லாம டாக்டர் கொடுப்பார், அப்ப எவ்வளவு நாளைக்கு, எப்ப குறைப்பீங்கன்னு கேளுங்க.

பேங்க் விசயத்தை தள்ளிப்போடாதீங்க. நிறைய பேர் பவர் எழுதி வாங்கிட்டா போதும்னு நினைக்கறாங்க, ஆனா எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறிட்டா அந்த பவர் செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அப்பாவுக்கு இன்னும் புரிஞ்சு கையெழுத்து போடற தெளிவு இருக்கறப்பவே கணக்கை அம்மா பேர்லயும் சேத்து ரெண்டு பேர்ல யார் வேணாலும் எடுக்கலாம்கற மாதிரி மாத்தி, நாமினி எல்லாம் சரி பாத்துடுங்க. வீட்டுப் பத்திரம், உயில்னு வந்தா ஒரு வக்கீலை வச்சுப் பேசுங்க, அப்பாவுக்கு அந்த நேரத்துல புரிதல் இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கறதும் நல்லது. அவரை ஏமாத்தி எதுலயும் கையெழுத்து வாங்காதீங்க, யார் நல்லதுக்குன்னாலும்.

ஹோம் பத்தி கேட்டதுக்கு பேர் சொல்லி எழுத மாட்டேன், போன வருசம் நல்லா இருந்த இடம் இந்த வருசம் ஆள் மாறி வேற மாதிரி ஆயிடுது. ஹோம்ல சேக்கறது பாவம்னு நினைக்கற ஆள் இல்ல நான். அம்மா படுத்துட்டா, அப்பா ராத்திரி பூரா தூங்காம ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னா, சேக்கறதுதான் சரி. போய் பாக்கறதுன்னா காலையில போகாதீங்க, சொல்லாம சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்க, ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்னு கேளுங்க, மூத்திர நெடி அடிக்குதா, யாரையாவது கட்டிப்போட்டிருக்காங்களா, பேர் சொல்லிக் கூப்பிடறாங்களான்னு பாருங்க. வீட்டு ஆளுங்களை எந்த நேரமும் உள்ள விடாத இடம்னா திரும்பி வந்துடுங்க. ஆனா உங்க வீட்டுக்கு இன்னும் அந்த நேரம் வரலைன்னுதான் நீங்க எழுதினதை வச்சு எனக்குப் படுது, ஏன்னா இன்னும் யாரும் அம்மாவுக்கு உதவியே பண்ணிப் பாக்கல.

அதனால இந்த வாரம் வர்றப்ப ஹோம் தேடி அலையாதீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா ரூம்ல நீங்க படுங்க, அம்மாவை வேற ரூம்ல கதவைச் சாத்தித் தூங்கச் சொல்லுங்க. அப்பா எத்தனை தடவை எந்திரிக்கறார், எத்தனை மணிக்கு, என்ன கேக்கறார்னு ஒரு நோட்டுல எழுதுங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப அந்த ஒரு பக்கம் ரொம்ப உதவும். சனிக்கிழமை காலையில தங்கச்சியையும் உக்கார வச்சு, தெருவுல சொல்லலாமான்னு அவகிட்டயே கேளுங்க, உங்க எல்லாரையும் விட அவளுக்கு தைரியம் இருக்கலாம். அவ சரின்னா பத்து மணிக்கு எதிர்வீட்டுல இருந்து ஆரம்பிங்க, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, போறப்ப அந்தப் பூட்டை வீட்டுலயே வச்சுட்டு, தங்கச்சியை அப்பாகூட இருக்கச் சொல்லிட்டுப் போங்க.